பார்க்காமல் பின்னிய கை

என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய காலையில் கூட இருந்தவர்கள் அம்மா, பக்கத்து வீட்டு முருகன் மாமா, ஆட்டோக்காரர். அம்மா என் தலையைத் தாங்கிக்கொண்டாள். மாமா இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கினார். அவர் தூக்கியது எனக்குக் கண்ணால்தான் தெரிந்தது.

அப்பா இல்லை. விடிவதற்கு முன்பே உப்பளத்துக்குப் போய்விட்டார். முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து மேகம் கட்டி நின்றது. சித்திரையில் ஒரு கோடை மழை அடித்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும். குவித்து வைத்ததையாவது ஓலை போட்டு மூட வேண்டும். மூடிவிட்டுப் பத்து மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

செல்வி அக்காவும் ஜமீலாவும் இல்லை. அவர்கள் பொம்மையார்பாளையத்தில் நாங்கள் வேலை பார்க்கும் கூடத்தில், நான் ஏன் நான்கு நாளாக வரவில்லை என்று பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அது கம்பளி நூலில் பொம்மை, குல்லா, மேசை விரிப்பு எல்லாம் பின்னி வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்ன இடம். நான் பி.காம். முடித்துவிட்டு அங்கே கணக்கு எழுதச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற எந்த வேலையும் அப்பாவுக்குக் கலெக்டர் வேலைதான்.

பின்ன வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் பின்னுவதைப் பார்த்த யாருக்கும் ஆசை வரும். அவர்கள் கையைப் பார்க்கவே மாட்டார்கள். கண் ஜன்னலில் இருக்கும், வாய் யார் வீட்டுக் கல்யாணத்திலோ இருக்கும், விரல் மட்டும் தன் பாட்டுக்கு ஓடும். நான் ஊசியைக் கேட்டபோது கோட்டக்குப்பத்து ஜமீலா வாய்விட்டுச் சிரித்தாள். "அல்லாவே! கணக்குப்புள்ள கேட்டதப் பாருக்கா!" என்றாள். இரண்டு மாதத்தில் எனக்கும் பார்க்காமல் பின்ன வந்துவிட்டது.

வேலை முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் ஈ.சி.ஆர். பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பின்னுவோம். கோட்டக்குப்பம் போகும் பஸ்ஸும் மரக்காணம் போகும் பஸ்ஸும் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. வராமலிருந்தால் நல்லது என்றுகூட நினைப்பேன். புதுச்சேரிக்குப் போகிற கார்கள் வேகம் குறைத்துப் பார்க்கும். சிலர் இறங்கி விலை கேட்பார்கள். செல்வி அக்கா இரும்பை ஊர்க்காரர், சைக்கிளில் போகிறவர். அவருக்குப் பஸ்ஸே வேண்டாம். எங்களுக்காக உட்காருவார். என் பஸ் வந்ததும் ஏறி, கடைசி சீட்டில் மறுபடி ஊசியை எடுப்பேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி கேட்பார், "இன்னா தம்பி, எத்தினியாவது மாசம்?" பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கை நிற்காமல் பின்னுவேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கைக்கு ஒரு வேலை இருந்து, கண் சும்மா இருந்தால், உலகத்தில் எல்லோரையும் பிடித்துவிடுகிறது.

அப்பாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "படிக்க வெச்சா ஊசி புடிச்சிக்கினு ஒக்காந்திருக்கான்" என்று அம்மாவிடம் சொல்வார். அவருக்காகத்தான் நான் ஒரு குல்லா பின்னிக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. மார்கழிப் பனியில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பாத்தி மிதிக்கப் போவார். சாம்பல் நிற நூல், தொண்ணூறு ரூபாய்க்கு நானே வாங்கினேன்.

நோய் வந்தது இப்படித்தான். எனக்கு முதலில் வயிற்றுப்போக்கு வந்து, இரண்டு நாளில் நின்றது. அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உப்பு வாரப் போனேன். மறுநாள் இரண்டு பாதமும் மரத்திருந்தன.

"இது உப்பு மரப்பு" என்றார் அப்பா. "ஒருநாள் வந்து நின்னதுக்கே காலு செத்துப்போச்சு பாரு தொரைக்கு. எண்ணெ தடவிக்கினு படு, செரியாப் பூடும்."

எங்கள் தெருவில் கால் மரத்துப்போனதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஒருவரும் கிடையாது. உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குச் சீசனில் பாதம் மரப்பது, வெடிப்பது, பிறகு எதுவுமே தெரியாமல் போவது எல்லாம் வழக்கம். அப்பா பாதத்தில் முள் ஏறினால் வீட்டுக்கு வந்து நாங்கள் சொன்னால்தான் தெரியும். அதனால் அம்மா விளக்கெண்ணெய் காய்ச்சித் தடவி, பழைய புடவையைச் சுற்றிவிட்டாள். இரண்டாம் நாள் மரப்பு முழங்காலுக்கு வந்தது. எண்ணெயும் முழங்காலுக்கு வந்தது. மூன்றாம் நாள் படுத்தபடி குல்லாவைப் பின்னிக்கொண்டிருந்தேன். கண் மேலே விசிறியில் இருந்தது. குனிந்து பார்த்தபோது இடது ஊசியிலிருந்த கண்ணிகளில் பாதி கழன்று தொங்கின. கழன்றது விரலுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் பயந்தேன். உப்புத் தண்ணீரில் நின்றது கால்தானே? கைக்கு என்ன வந்தது?

மறுநாள் காலை எழுந்து நிற்கப் பார்த்தேன். துணி மாதிரி சரிந்து விழுந்தேன்.

மரக்காணத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, ஊசி எதுவும் போடாமல், "ஒடனே பாண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். அங்கே அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் ரப்பர் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் உதறவில்லை. மறுபடி தட்டினார். அம்மாவும் என்னோடு சேர்ந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்குது?"

"நாலு நாளா சார். உப்பளத்துல நின்னான், அதான் மரத்துப்போச்சுன்னு..."

"உப்புத் தண்ணில தோல்தாம்மா மரக்கும். கால் நிக்காம போவாது. நாலு நாள் கழிச்சு வர்றீங்களே."

அவர் கோபப்படவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இந்த நோய்க்குக் கில்லன் பாரே என்று பேர். எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். நரம்பு கரண்ட் ஒயர் மாதிரி. அதன் மேல் ஓர் உறை இருக்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமியை விரட்ட உடம்பு அனுப்பிய காவல்காரர்கள், கிருமி போன பிறகும் ஓயாமல், ஆள் தெரியாமல் அந்த உறையை உரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். உறை போனால் மூளை சொல்வது கைகாலுக்குப் போய்ச் சேராது. பாதத்தில் ஆரம்பித்து மேலே ஏறும். நெஞ்சுவரை ஏறினால் மூச்சு நிற்கும். பெரும்பாலும் திரும்ப வரும், ஆனால் எவ்வளவு வரும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சோதனைகள் மூன்று. முதுகெலும்புக்கு நடுவே ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். பக்கவாட்டில் சுருண்டு படுக்க வேண்டும். எனக்குச் சுருள முடியாததால் இரண்டு பேர் சுருட்டிப் பிடித்தார்கள். அடுத்தது நரம்பில் கரண்ட் விட்டுப் பார்ப்பது. சுருக் சுருக்கென்று இருக்கும் என்றார்கள். வலது கையில் மட்டும்தான் சுருக்கென்றது. மற்ற இடங்களில் ஒன்றுமே தெரியவில்லையே என்று அழுதேன். மூன்றாவதற்கு எந்த மிஷினும் வேண்டாம். மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று பார்ப்பார்கள். முதல் நாள் முப்பதைத் தாண்டினேன். அம்மாவுக்கு அது பரீட்சை மார்க் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் வரும்போதெல்லாம் அவளும் மூச்சை இழுத்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணுவாள். மறுநாள் இருபது. அதற்கடுத்த நாள் ஒன்பதில் நின்றுவிட்டேன். அம்மா பதினொன்றுவரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் தொண்டையில் குழாய் விட்டு மிஷினில் இணைத்தார்கள்.

ஐ.சி.யூ.வில் இருந்த நாட்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நினைவு தப்பியிருந்ததா என்று. இல்லை. எல்லாம் தெரிந்தது. ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது தெரிந்தது. அதை விரட்ட ஒரு விரல் இல்லை. பேச்சில்லை. கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடித் திறந்தால் இல்லை. முதுகு அரித்தால் அதைச் சொல்லக் கண்ணில் வழி இல்லை. பகலுக்கும் இரவுக்கும் ஒரே விளக்கு. விலை உயர்ந்த மருந்தை ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் அது எங்கள் தலையில் விழவில்லை. இல்லையென்றால் வீட்டை விற்றாலும் ஒரு பாட்டில் வந்திருக்காது.

என் கட்டில் கதவுக்கு நேராக இருந்தது. யாராவது உள்ளே வந்தால் கதவு திறந்து மெல்ல மூடும். அந்த நேரத்துக்குள் வராந்தா பெஞ்ச் தெரியும். ஒருமுறை திறந்தபோது அங்கே நான்கு கைகள் பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முகம் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. செல்வி அக்கா ஊசியை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு பின்னுவார். ஜமீலா ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஊசியை வளையலில் ஒரு தட்டுத் தட்டுவாள்.

அதன்பிறகு கதவுதான் எனக்கு எல்லாம். ஒருமுறை திறந்தால் பச்சைத் துணி கையளவு இருக்கும். அடுத்த முறை திறக்கும்போது மடியில் மடிந்து விழும். அது வளர்ந்ததை வைத்து வெளியே நேரம் போகிறது என்று தெரிந்துகொண்டேன். நான் மட்டும் ஒரு கண்ணியும் நகராமல் கிடந்தேன். சில நாள் அந்தக் கைகளைப் பார்க்கச் சகிக்காது. கதவு திறந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். நர்ஸ், "இல்லைன்னு சொல்றான் பாரு, இன்னாத்துக்கு இல்லைன்றான்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்பார்.

வராந்தாவில் நடந்ததையெல்லாம் அம்மா அப்புறம் சொன்னாள். முதல் நாளே செக்யூரிட்டி வந்து, "இது ஆஸ்பத்திரியா, ஸ்வெட்டர் கடையா? எடுங்கம்மா" என்றாராம். "வாயத்தான் மூடிக்கினு இருக்கணும்னு போர்டு போட்டிருக்குது. கைய மூடச் சொல்லி எங்க போட்டிருக்குது?" என்று செல்வி அக்கா கேட்டாராம். மூன்றாம் நாள் அந்தச் செக்யூரிட்டியே வந்து தன் பேத்திக்கு ஒரு குல்லா ஆகுமா என்று கேட்டாராம். ஐ.சி.யூ. வாசலில் காத்திருப்பவர்களுக்குச் செய்ய ஒன்றும் கிடையாது. மருந்துச் சீட்டு வந்தால் ஓடுவார்கள், இல்லாவிட்டால் கதவைப் பார்ப்பார்கள். அவர்களில் சிலர் நூலைக் கேட்டு வாங்கினார்கள். எங்கள் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த கபாலி அண்ணன், தம்பியை உள்ளே சேர்த்திருந்தவர், ஜமீலா சொல்லிக் கொடுக்க வந்தபோது, "ஏம்மா, வலை பின்றவனுக்கே கண்ணி போடக் கத்துக் குடுக்கிறியா?" என்றாராம். ஆனால் ஊசி அவருக்கு வசப்படவில்லை. இறுக்கிப் பின்னி, துணி பலகை மாதிரி நின்றது. "அண்ணே, மீன் தப்பிச்சிடும்னு பயமா?" என்று ஜமீலா கேட்க, அவர் அத்தனை நாளில் அன்றுதான் சிரித்தாராம்.

அவர் தம்பி பிழைக்கவில்லை. பெஞ்சில் அவர் விட்டுப்போன துண்டு ஊசியோடு கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. பிறகு ஜமீலா அதை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். இப்போதும் பிரிக்காமல் வைத்திருக்கிறாள்.

அத்தனை நாளும் அப்பா வந்தது இரண்டே முறை. வந்தாலும் உள்ளே வரமாட்டார். உப்பு விளைகிற நேரம் என்று அம்மா சமாதானம் சொன்னாள். அந்தச் சித்திரை மேகம் பெய்யாமல் கலைந்துபோனது என்பதையும் அவள்தான் சொன்னாள்.

குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு மத்தியானம் அப்பா உள்ளே வந்தார். செல்வி அக்காவும் இருந்தார். அப்பாவுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. செல்வி அக்கா கேட்காமலே அவரை இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, புது நூல் சுருளை அதில் மாட்டிவிட்டார். சுருளைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தால்தான் உருண்டையாகச் சுற்ற முடியும். அப்பா கைதி மாதிரி நின்றார். நூல் ஓட ஆரம்பித்தது, உடனே நின்றது. உப்பில் வெடித்த உள்ளங்கைப் பிளவுகளில் கம்பளி சிக்கிக்கொண்டது. செல்வி அக்கா எடுத்துவிட்டார். இரண்டு சுற்று போய் மறுபடி சிக்கியது.

"பாத்து எடும்மா, அறுந்துடப் போவுது" என்றார் அப்பா. தன் கை எரிந்திருக்கும், அதைச் சொல்லவில்லை.

சுருள் முடிகிறவரை அசையாமல் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல், "உப்புன்னு நெனச்சிட்டேன்டா" என்றார்.

எனக்குக் குரல் இன்னும் வரவில்லை. கண்ணை மேலே தூக்கினேன். ஆமாம் என்று அர்த்தம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்று சொல்ல வந்தேன். ஆமாம், உன்னால்தான் என்று அவர் எடுத்துக்கொண்டாரோ என்று இன்றுவரை தெரியாது.

சாம்பல் குல்லாவை அம்மா ஆஸ்பத்திரிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கழன்ற கண்ணிகளில் செல்வி அக்கா ஒரு வெள்ளை நூலைக் கோத்து, மேற்கொண்டு பிரியாமல் முடிச்சுப் போட்டு வைத்தார். பேச்சு வந்ததும் நான் முதலில் கேட்டது அதைத்தான்.

"நீயே முடிச்சிடுக்கா."

"மாட்டேன். ஆரம்பிச்சது நீ."

"என் கையி வரலன்னா?"

"வரலன்னா அது பாட்டுக்குக் கெடக்கும். உனக்கு வேற பின்னித் தர்றேன் வா, தலைக்கு ஒன்னு, வாய்க்கு ஒன்னு."

நான் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கழுத்து திரும்பியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

பிசியோதெரபி மேடம் முதலில் பஞ்சைக் கிள்ளச் சொன்னார், பிறகு பட்டாணியைப் பொறுக்கச் சொன்னார். மாதங்கள் போயின. வீட்டுக்கு வந்தேன். கட்டிலிலிருந்து கதவு, கதவிலிருந்து தெரு. வலது பாதம் இன்னும் தொங்குகிறது, அதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டியிருக்கிறேன். கையில் பிடிப்பு வந்துவிட்டது. பேனா பிடிக்கிறேன். வேலைக்கும் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் செல்வி அக்கா வெள்ளை நூலை உருவிவிட்டு, கண்ணிகளை ஊசியில் ஏற்றிக் கொடுத்தார். பின்ன ஆரம்பித்தேன். விரல் நகர்ந்தது. ஜமீலா கைதட்டினாள். ஒரு கார் வேகம் குறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான், ஊசி வெறும் காற்றில் குத்தியது. கண்ணி கழன்றிருந்தது. இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி உணர்ச்சி இல்லை. நூல் இருக்கிறதா, போய்விட்டதா என்று அவற்றுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு. டாக்டரிடம் கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

ஆக என்னால் பின்ன முடிகிறது. ஆனால் பார்க்காமல் முடியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். ஜமீலா ஏதோ சொல்லிச் சிரிக்கும்போது அவள் முகம் எப்படியிருக்கிறது என்று தெரியாமல் ஊசி நுனியைப் பார்த்துக்கொண்டு சிரிக்கிறேன். கண்டக்டர் இப்போது எத்தனையாவது மாதம் என்று கேட்பதில்லை. பாவம் பார்த்து முன் சீட்டைக் காலி செய்து தருகிறார்.

பஸ்ஸில் ஏற ஒரு கை தாங்க வேண்டும் என்பதால் சாயங்காலம் அப்பா வந்து கூட்டிப்போகிறார். பெண்கள் பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டு முதலில் புளியமரத்தடியில் நின்றார். பிறகு பெஞ்சின் ஓரத்துக்கு வந்தார். ஒருநாள், நான் குனிந்தே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல ஆரம்பித்தார்.

"ஒரு வெள்ளக்காரம்மா ஸ்கூட்டர்ல போவுது. பின்னாடி நாயி ஒக்காந்திருக்குது. நாயிக்குக் கண்ணாடி மாட்டியிருக்குதுடா."

"பொய் சொல்லாத."

"சத்தியமா. கேளு அந்தப் பொண்ண."

"ஆமா, கூலிங் கிளாஸு" என்றாள் ஜமீலா.

மார்கழியில் குல்லாவை முடித்தேன். கீழ்ப்பாதி ஒரே சீராக இருந்தது. மேல்பாதி ஓரிடத்தில் தளர்ந்து, ஓரிடத்தில் இறுகி, மேடும் பள்ளமுமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே தழும்பு மாதிரி ஒரு வரி. அப்பா வாங்கித் தலையில் போடவில்லை. விரலால் அந்த வரியைத் தடவினார். அவர் தோலில் நூல் சிக்கியது.

"இங்கதான் ஒடம்புக்கு வந்துச்சா?"

"ஆமாம்பா."

குல்லாவைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மொத்தம் எவ்ளோடா ஆச்சு நமக்கு?" என்று கேட்டார். ஆட்டோ, வெளியே எடுத்த ஸ்கேன், அம்மா தங்கிய வாடகை ரூம், சாப்பாடு, காலுக்குப் பட்டை எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் என்று சொன்னேன். உப்பள முதலாளியிடம் அவர் வாங்கிய முன்பணத்தைக் கழிக்க இன்னும் ஒரு சீசன் உழைக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

"இந்த நூலு?"

"தொண்ணூறு ரூபா."

"அதையும் சேத்துக்க" என்று குல்லாவைக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டார்.

நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.